பத்திரத்துல "வெள்ளையர் மட்டும்"னு ஒரு வரி இருக்கு, இந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். அமெரிக்காவுல மினியாபோலிஸ் பக்கத்துல எடைனாவுல, கன்ட்ரி கிளப் ஏரியாவுல ஒரு பழைய வீடு பார்த்து ஆஃபரும் அக்செப்ட் ஆகிடுச்சு. அடுத்த மாசம் க்ளோசிங், அதாவது கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கற நாள். சும்மா ஒரு ஆர்வத்துல பழைய டீட் காப்பி கேட்டு வாங்கிப் படிச்சேன். வெள்ளை இனத்தவரைத் தவிர யாருக்கும் இந்த மனையை விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வீட்டு வேலைக்கு இருக்கறவங்க மட்டும் தங்கலாம்னு அதுல இருக்கு. படிச்சதுல இருந்து வயித்தக் கலக்குது. இது செல்லுமா, நாளைக்கு ஏதாவது பிரச்சனை வருமா? அந்தக் காலத்துல நாமளும் இந்த லிஸ்ட்ல வந்திருப்போமா? என் கணவர்கிட்ட சொன்னா, எப்பவோ நடந்ததுக்கு இப்ப என்ன, நாமளும் ரெண்டு பெட்டியோட வந்தவங்கதான், யாரு நமக்கு சும்மா குடுத்தா, படிச்சு உழைச்சா யார் வேணா மேல வரலாம்னு சொல்றார். ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்கார நண்பர்கிட்ட பேசினேன். வெள்ளையர் சலுகைன்னு ஒண்ணும் கிடையாது, எங்க தாத்தா மில் தொழிலாளி, போர் முடிஞ்சு வெறும் கையோட வந்து ரிச்ஃபீல்டுல சின்ன வீடு வாங்கினார், பாட்டி போனப்புறம் அதை வித்துத்தான் எங்க காலேஜ் செலவே நடந்துச்சு, எங்களுக்கு யார் என்ன சலுகை குடுத்தாங்கன்னு கேக்கறார். எனக்கு பதில் சொல்லத் தெரியல. கல்யாணமான புதுசுல மயிலாப்பூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடினப்ப, என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு கதவைச் சாத்தினாங்களே, அதுதான் ஞாபகம் வருது.

பதில்: சகோதரி, முதல்ல உங்க பயத்துக்கு பதில் சொல்லிடறேன், க்ளோசிங் தேதியை பக்கத்துல வெச்சுக்கிட்டு மத்ததைப் படிக்க மனசு ஓடாது. தாராளமா வாங்கலாம். அந்த வரிக்கு இன்னிக்கு சட்டத்துல உயிர் கிடையாது. 1948-ல ஷெல்லி எதிர் க்ரேமர் கேஸ்ல, இந்த மாதிரி நிபந்தனையை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. (ஒன்பது நீதிபதிகள்ல மூணு பேர் அந்தக் கேஸ்ல இருந்து விலகிக்கிட்டாங்க, காரணம் சொல்லல, அவங்க வீட்டுப் பத்திரத்துலயும் இதே வரி இருந்திருக்கும்னுதான் பொதுவா பேசிக்கறாங்க.) 1953-ல மினசோட்டா சட்டமன்றம் இனிமே புதுசா யாரும் இப்படி எழுதக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. 1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங்கை சுட்டுக் கொன்ன ஒரே வாரத்துல, வீடு விக்கறதுலயும் வாடகைக்கு விடறதுலயும் இனம் பார்க்கக் கூடாதுங்கற ஃபேர் ஹவுசிங் ஆக்ட் கையெழுத்தாச்சு, அதோட இந்த வரிகளோட கதை சட்டப்படி முடிஞ்சுது. உங்க லோனுக்கோ டைட்டிலுக்கோ நாளைக்கு நீங்க விக்கறதுக்கோ இதனால ஒரு தடங்கலும் வராது.

நீங்க இதைப் படிச்சதே பெரிய விஷயம், ஏன்னா முக்கால்வாசி பேர் கண்ணுல இது படறதே இல்ல. சொத்து உரிமையை சரிபார்த்து இன்சூரன்ஸ் குடுக்கற டைட்டில் கம்பெனி அனுப்பற கமிட்மென்ட்ல ஷெட்யூல் பி-ன்னு ஒரு பகுதி வரும், மனை மேல இருக்கற நிபந்தனை, பாத்தியதை எல்லாம் அங்க பட்டியல் போட்டிருப்பாங்க, கூடவே இனம் மதம் சம்பந்தப்பட்ட நிபந்தனைகளை விட்டுட்டுத்தான் சேர்த்திருக்கோம்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். சட்டப்படி அது சரிதான், செத்துப்போன நிபந்தனையை மறுபடி அச்சடிக்கக் கூடாது. ஆனா வாங்கறவங்க அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாம கையெழுத்துப் போட்டு சாவி வாங்கிட்டுப் போயிடறாங்க.

இப்ப உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வர்றேன், அவர் கேட்டது நியாயமான கேள்விதான். செத்துப்போன வரின்னா அதைப் பத்தி ஏன் பேசணும்? என்னோட பதில் இதுதான்: அந்த வரி செத்துடுச்சு, அது சம்பாதிச்சுக் குடுத்த பணம் சாகல. அந்தப் பணத்துல ஒரு பங்கு அடுத்த மாசம் நீங்க வாங்கப்போற வீட்டு விலைக்குள்ளயே இருக்கு.

அது எப்படின்னு சொல்றேன். மினியாபோலிஸ்ல இந்த மாதிரி நிபந்தனை போட்ட முதல் பத்திரம் 1910-ல வந்துச்சு, அதுல சீனர், ஜப்பானியர், துருக்கியர், கறுப்பினத்தவர்னு வரிசையா பேர் போட்டு இவங்களுக்கு விக்கக்கூடாதுன்னு எழுதினாங்க. 1924-ல தோர்ப் பிரதர்ஸ் கம்பெனி உங்க ஏரியாவை மனை பிரிச்சு விக்கும்போது பட்டியல் எல்லாம் போடல, வெள்ளையர் தவிர யாரும் கூடாதுன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. இத்தனைக்கும் அதே எடைனாவுல உள்நாட்டுப் போருக்கு அப்புறம் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் குடியேறி ஊர் விவகாரத்துல எல்லாம் பங்கெடுத்து வாழ்ந்துட்டு இருந்தாங்க. இந்த நிபந்தனை மனையோடவே போகும், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாங்கினாலும் ஒட்டிக்கிட்டே வரும், மீறினா பக்கத்து வீட்டுக்காரனே கேஸ் போடலாம், பல பத்திரத்துல மீறினா நிலம் முதல்ல வித்தவனுக்கே திரும்பிடும்னு கூட எழுதியிருப்பாங்க. மினசோட்டா யுனிவர்சிட்டியில 'மேப்பிங் ப்ரெஜுடிஸ்'னு ஒரு குழு தன்னார்வலர்களை வெச்சு பழைய பத்திரங்களை ஒண்ணு விடாம படிச்சு வரைபடம் போட்டிருக்காங்க, மினியாபோலிஸ் நகரத்துக்குள்ள மட்டும் 8,000-க்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. உங்களுக்கு நேரம் இருந்தா அந்த மேப்பைத் திறந்து உங்க தெருவைப் பாருங்க.

தனியார் கம்பெனி போட்ட நிபந்தனையோட இது நின்னிருந்தா கூட பரவாயில்ல. 1934-ல எஃப்.எச்.ஏ-ன்னு வீட்டுக் கடனுக்கான அரசாங்க அமைப்பு வந்துச்சு. அதுக்கு முன்னாடி வீடு வாங்கணும்னா கிட்டத்தட்ட பாதி விலையை கையில வெச்சிருக்கணும், மீதியை சில வருஷத்துலயே அடைக்கணும், கூலிக்காரனால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. அரசாங்கம் பேங்க் லோனுக்கு இன்சூரன்ஸ் குடுத்ததும்தான் கொஞ்சமா முன்பணம், நீண்ட தவணைன்னு சாதாரண தொழிலாளி சொந்த வீட்டுக்காரன் ஆனான். அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொத்து சேர்த்த கதையே அங்கதான் ஆரம்பிக்குது. அந்த எஃப்.எச்.ஏ தன்னோட மதிப்பீட்டுக் கையேட்டுலயே இனக் கட்டுப்பாடு போட்ட மனையை நல்ல மனைன்னு சிபாரிசு பண்ணுச்சு. கறுப்பினத்தவர் இருக்கற தெருவை ஆபத்தான இடம்னு ஒதுக்குச்சு. அப்ப அந்த ஒரு வரி இருந்தா மலிவு வட்டி லோன் வரும், லோன் வந்தா விலை ஏறும், விலை ஏறினா வீட்டு வரி வருமானம் கூடும், பள்ளிக்கூடம் நல்லா இருக்கும், பார்க் வரும், மரம் நடுவாங்க, அதனால விலை இன்னும் ஏறும். அந்த நிபந்தனை இல்லாத தெருவுல இது எல்லாமே தலைகீழா நடந்துச்சு. ஹைவே போடணும்னு வந்தப்ப கூட செயின்ட் பால்ல ரோண்டோங்கற கறுப்பின மக்கள் பகுதிக்கு நடுவுலதான் ஐ-94-ஐ ஓட்டினாங்க, நூத்துக்கணக்கான குடும்பம் வீட்டை விட்டுப் போச்சு, 2015-ல செயின்ட் பால் மேயர் அதுக்கு பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார்.

"படிச்சு உழைச்சா யார் வேணா மேல வரலாம்"னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அவர் ஆர்தர் லீயைப் பத்தி ஒரு தடவை கேக்கணும். லீ தபால் ஆபீஸ்ல வேலை, நிரந்தர சம்பளம், முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல சண்டை போட்டுட்டு வந்தவர், கறுப்பினத்தவர். 1931-ல மனைவி ஈடித், சின்னப் பொண்ணு மேரியோட தெற்கு மினியாபோலிஸ்ல கொலம்பஸ் அவென்யூல 4600-ங்கற நம்பர்ல ஒரு சின்ன வீட்டை காசு குடுத்து வாங்கிக் குடிபோனார். அந்தத் தெருக்காரங்க 1927-லயே வெள்ளையர் அல்லாதவங்களுக்கு விக்கறதில்லன்னு தங்களுக்குள்ள கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தாங்க. ஜூலை மாசம் வீட்டைச் சுத்தி கூட்டம் கூட ஆரம்பிச்சு அது ஆயிரக்கணக்கான பேரா ஆச்சு, வீட்டு மேல பெயின்டை அடிச்சாங்க, கல் எறிஞ்சாங்க, உள்ள அந்தக் குழந்தை. பிரான்ஸ்ல சேத்துலயும் தண்ணியிலயும் இந்த நாட்டுக்காக சண்டை போட்டப்ப யாரும் என்னை வெளிய போன்னு சொல்லலையேன்னு லீ பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். கூட வேலை பார்த்த தபால்காரங்களும் முன்னாள் ராணுவக்காரங்களும் வந்து காவல் நின்னாங்க. மினசோட்டாவோட முதல் கறுப்பின பெண் வக்கீல் லீனா ஆலிவ் ஸ்மித் அவங்களுக்காக வாதாடினாங்க, எங்க தொழில்ல இருக்கற எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய பேரு. வீட்டை வித்துட்டுப் போயிடறோம்னு முதல்ல இன்னொரு வக்கீல் சமாதானம் பேசிட்டு இருந்ததை நிறுத்தி, போக மாட்டோம்னு சொன்னவங்க அவங்கதான். லீ குடும்பம் ரெண்டு வருஷம் போல தாக்குப்பிடிச்சுட்டு அப்புறம் அங்கிருந்து போயிட்டாங்க. அந்த வீடு இன்னிக்கும் இருக்கு. 2020-ல கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ்காரர் கொன்ன முனையில இருந்து சுமார் ஒரு மைல்தான்.

படிப்பு, உழைப்பு, தேசத்துக்காக சண்டை, கையில காசு, சட்டப்படி பத்திரம், இதுல எது லீகிட்ட இல்ல? உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைக் கேளுங்க, சண்டைக்கு இல்லாம நிதானமா கேளுங்க.

உங்க ஆபீஸ் நண்பர் விஷயத்துக்கு வர்றேன். அவர் பொய் சொல்லல. அவரோட தாத்தா உழைச்சார், வெறும் கையோடதான் வந்தார், எல்லாம் உண்மை. சலுகைன்னு சொன்னதும் பணக்கார வீட்டுப் பிள்ளைன்னு யாரோ தன்னைக் குத்தம் சொல்றதா அவருக்குத் தோணுது, அதனாலதான் கோவம் வருது. நீங்க அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உங்க தாத்தாவோட அதே கப்பல்ல ஊர் திரும்பின கறுப்பின சிப்பாய் ரிச்ஃபீல்டுல அதே தெருவுல ஒரு வீடு கேட்டுப் போயிருந்தா குடுத்திருப்பாங்களா? ரிச்ஃபீல்டுலயும் இந்த நிபந்தனை போட்ட மனைகள் நிறைய உண்டு. 1944-ல வந்த ஜி.ஐ. பில் போர்ல இருந்து வந்த எல்லாருக்கும் வீட்டுக் கடன்னு காகிதத்துல சொல்லுச்சு, ஆனா கடனைக் குடுக்க வேண்டியது உள்ளூர் பேங்க். மிசிசிப்பியில 1947-ல பல ஊர்கள்ல எடுத்த கணக்குல 3,229 கடன் குடுத்திருந்தாங்க, வீடு, தொழில், பண்ணை எல்லாம் சேர்த்து. அதுல கறுப்பின வீரர்களுக்குப் போனது 2. ஆமா, ரெண்டே ரெண்டு. நண்பரோட தாத்தாவுக்கு யாரும் சும்மா குடுக்கலதான், ஆனா அவர் போய் நின்ன கவுண்டர்ல அவருக்குக் கதவு திறந்திருந்துச்சு. அந்த வீடு பேரப்பிள்ளைங்க காலேஜ் ஃபீஸா மாறிச்சு. கதவு திறக்காதவரோட பேரன் அதே காலேஜுக்கு ஸ்டூடன்ட் லோன் எடுத்தான், இல்லன்னா போகவே இல்ல. 2022-ல ஃபெடரல் ரிசர்வ் எடுத்த சர்வேயில நடுமட்டத்துல இருக்கற வெள்ளையர் குடும்பத்தோட சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தோடது 44,900 டாலர். இந்த இடைவெளியை சம்பள வித்தியாசம் மட்டும் வெச்சு விளக்க முடியாது, சம்பளம் ஒரு தலைமுறையில மாறும், வீடு தலைமுறை தாண்டி கைமாறிட்டே போகும்.

உங்க வீட்டு விலைக்குள்ள அந்தப் பணம் இருக்குன்னு சொன்னேன்ல, அது வெறும் பேச்சுக்கு சொன்னதில்ல. அந்த மேப்பிங் ப்ரெஜுடிஸ் தகவலை வெச்சு பொருளாதார ஆய்வாளர்கள் மினியாபோலிஸ் பகுதி வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தாங்க, மத்தபடி ஒரே மாதிரி இருக்கற வீடுகள்ல பழைய நிபந்தனை இருந்த வீடு இன்னிக்கு சராசரியா சுமார் 15 சதவீதம் கூடுதல் விலைக்குப் போகுதுன்னு வந்துச்சு. சட்டம் செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியும்! இப்ப அந்தக் கூடுதலை நீங்க விக்கறவங்களுக்குக் குடுக்கறீங்க, நாளைக்கு நீங்க விக்கும்போது உங்களுக்கு வேற ஒருத்தர் குடுப்பார். அதனாலதான் சொல்றேன், இது வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவுல இருக்கற பஞ்சாயத்து, நாம வேடிக்கை பார்க்கறவங்கன்னு ஒதுங்கிக்க முடியாது. கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து அந்த வரியோட லாபத்துல நீங்களும் ஒரு பங்குதாரர். இது உங்க தப்பு இல்ல, நீங்க குற்ற உணர்ச்சியில தூக்கம் கெடணும்னு நான் சொல்லவும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்கன்னு சொல்றேன்.

நாமளும் அந்த லிஸ்ட்ல வந்திருப்போமான்னு கேட்டீங்க. கண்டிப்பா வந்திருப்போம். 1923-ல பகத் சிங் திந்துன்னு ஒரு பஞ்சாபி, அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், குடியுரிமை கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். நான் ஆரியன், உயர்சாதிக்காரன், அதனால நானும் வெள்ளை இனம்தான்னு அவர் தரப்புல வாதம் வெச்சாங்க, கறுப்பினத்தவரை நீங்க எப்படிப் பார்க்கறீங்களோ அப்படித்தான் கல்யாண விஷயத்துல நாங்க இந்தியப் பழங்குடிகளைப் பார்க்கறோம்ங்கற அளவுக்குப் போனாங்க. கோர்ட் ஏத்துக்கல, சாதாரண வெள்ளைக்காரன் உன்னை வெள்ளைன்னு ஒத்துக்க மாட்டான்னு சொல்லி தள்ளிடுச்சு. மேல இருக்கறவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு கீழ இருக்கறவனை மிதிச்சு உள்ள போயிடலாம்னு பார்த்த வழி அது, படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஏற்கனவே குடியுரிமை வாங்கின இந்தியர்கள்கிட்ட இருந்தும் பிடுங்க ஆரம்பிச்சாங்க. அப்படி இழந்தவர்ல ஒருத்தர் வைஷ்ணோ தாஸ் பாகாய், கலிஃபோர்னியாவுல தொழில் பண்ணிட்டு இருந்தவர், குடியுரிமை போனதும் அந்த ஊர் நிலச் சட்டத்தால சொத்தையும் விட வேண்டி வந்துச்சு, 1928-ல உயிரை விட்டார். அதுக்கும் முன்னாடி அவரும் மனைவி கலா பாகாயும் குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு மூட்டை முடிச்சோட பெர்க்லியில தாங்க வாங்கின வீட்டுக்குப் போனா, உள்ள போக விடாம அக்கம்பக்கத்துக்காரங்க வீட்டைப் பூட்டி வெச்சிருந்தாங்க. குழந்தைங்களை ஏதாவது பண்ணிடுவாங்கன்னு பயந்து கலா அந்த ஊரே வேணாம்னு திரும்பிட்டாங்க. இன்னிக்கு அதே பெர்க்லியில ஒரு தெருவுக்கு அவங்க பேர் வெச்சிருக்காங்க.

அப்ப நாம எப்படி உள்ள வந்தோம்? 1946-ல வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம்னு ஒரு கோட்டா குடுத்தாங்க. 1965-லதான் குடியேற்றச் சட்டத்தை மாத்தி நாடு பார்த்து ஒதுக்கற முறையை எடுத்தாங்க. 1964-ல சிவில் ரைட்ஸ் ஆக்ட், 1965-ல வாக்குரிமைச் சட்டம், அதே வருஷம் இந்தக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவுல அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், உயிரைக் குடுத்து இந்த நாட்டு சட்டத்துல இருந்து இனத்தை எடுக்க வெச்சாங்க, அந்த அலையிலதான் நமக்கும் கதவு திறந்துச்சு. அதுக்கு அப்புறமும் வந்தது யாரு, டிகிரி வெச்சிருக்கறவங்க, விசாவுலயே வடிகட்டி எடுத்தவங்க. ரெண்டு பெட்டியோட வந்தோம்னு சொல்லும்போது அந்தப் பெட்டிக்குள்ள அரசாங்க செலவுல படிச்ச ஒரு இன்ஜினியரிங் சர்டிஃபிகேட்டும் இருந்துச்சு பாருங்க. உங்க வீட்டுக்காரர் உழைப்பை நான் குறைச்சுப் பேசல. ஆனா தேர்ந்தெடுத்து வந்தவங்களை வெச்சு, நாலு தலைமுறையா சொத்து சேர்க்க விடாம வெச்சிருந்தவங்களை அளக்கக் கூடாது, அளவே தப்பு.

அவர்கிட்ட பேசணும்னா மயிலாப்பூர்ல இருந்து ஆரம்பிங்க. கதவைச் சாத்தினப்ப அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு அவருக்கே நல்லா தெரியும். அன்னிக்கு உங்களுக்கு அடுத்த தெருவுல வேற வீடு கிடைச்சிருக்கும். ஊர் முழுக்க அப்படி சாத்தி, பேங்க்கும் சாத்தி, கவர்மென்ட்டே அதுக்குக் கையேடும் போட்டிருந்தா உங்க குடும்பம் இன்னிக்கு எங்க இருக்கும்னு கேளுங்க. அவரே யோசிப்பார்.

செய்ய வேண்டியது என்னன்னா, க்ளோசிங் முடியட்டும், டீட் உங்க பேருக்கு வரட்டும், ஏன்னா இதுக்கு ஓனர்தான் கையெழுத்துப் போடணும். 2019-ல மினசோட்டாவுல ஒரு சட்டம் வந்திருக்கு, அதுபடி வீட்டு ஓனர் ஒரு படிவம் எழுதி அந்த இனக் கட்டுப்பாட்டை விடுவிச்சதா பதிவு பண்ணலாம். பத்திரங்களைப் பதிவு பண்ற ஹென்னப்பின் கவுண்டி ரிகார்டர் ஆபீஸ்ல குடுக்கணும், உங்க சொத்து டோரன்ஸ்ங்கற, உரிமைக்கு தனி சான்றிதழ் குடுக்கற முறையில இருந்தா ரெஜிஸ்ட்ரார் ஆஃப் டைட்டில்ஸ்கிட்ட போகணும், எதுன்னு டைட்டில் கம்பெனியைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. பழைய வரியை அழிக்க மாட்டாங்க, அது அப்படியே இருக்கும், அதை மறுத்து நீங்க எழுதின பத்திரமும் கூடவே பதிவாகி நிக்கும். எனக்கு அதுதான் சரின்னு படுது, அழிச்சுட்டா அடுத்த தலைமுறைக்கு இப்படி நடந்ததே தெரியாது. 'ஜஸ்ட் டீட்ஸ்'னு ஒரு அமைப்பு இதுல சேர்ந்திருக்கற ஊர்க்காரங்களுக்கு தன்னார்வ வக்கீல்களை வெச்சு இலவசமா பண்ணிக் குடுக்கறாங்க, உங்க ஊர் அதுல இருக்கான்னு பார்த்துட்டு முதல்ல அவங்களையே கேளுங்க.

இன்னொண்ணு. குடிபோன கொஞ்ச நாள்ல யாராவது ஒரு கிளிப்போர்டோட கதவைத் தட்டுவாங்க, பக்கத்துல அபார்ட்மென்ட் வரப்போகுது, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு வீடு கட்டப்போறாங்க, வீட்டு விலை இறங்கிடும், எதிர்த்துக் கையெழுத்துப் போடுங்கன்னு ரொம்ப மரியாதையா கேப்பாங்க. டிராஃபிக், பார்க்கிங், ஸ்கூல் கூட்டம்னு சொல்றதுல சிலது நிஜமாவும் இருக்கலாம். உடனே போட்டுடாதீங்க, பிளான் காப்பி வாங்கி ரெண்டு பேரும் உக்காந்து படிங்க, சிட்டி கவுன்சில் கூட்டத்துல பொதுமக்கள் பேசறதுக்கு நேரம் ஒதுக்குவாங்க, அங்க போய் உங்க கருத்தைச் சொல்லுங்க. டீட் காப்பியும் ஷெட்யூல் பி-யும் ஸ்கேன் பண்ணி க்ளோசிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்கு அனுப்பிடுங்க, வேற ஏதாவது பாத்தியதை தொங்குதான்னு பார்த்துச் சொல்றேன்.